தண்ணீர் வற்றினால் தேன்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு நியூட்டன் தேனீப் பெட்டி இருக்கிறது. ஸ்டாண்டின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களுக்குள். இல்லாவிட்டால் எறும்பு ஏறிவிடும். கீழே புழு அறை, மேலே தேன் அறை. பாதிரியார் நியூட்டன் 1910களில் நம் அடுக்குத் தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்த பெட்டி இது.

முதல் வருஷம், ஐப்பசி மழைக்கு முன் தேனை எடுத்துவிடும் அவசரத்தில், மெழுகு மூடாத அடையையும் சேர்த்துத் தேன் பிழியும் இயந்திரத்தில் சுழற்றிவிட்டேன். இரண்டே வாரத்தில் பாட்டில் கழுத்தில் நுரை. மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று, புளித்த வாடை.

பூவின் மதுரசத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். தேனீக்கள் அதை வாய்க்கு வாய் மாற்றி, அடையின் சிற்றறைகளில் பரப்பி, இரவெல்லாம் சிறகால் விசிறி வற்றவைக்கின்றன. அந்தி சாய்ந்தபின் பெட்டியில் காதை வைத்தால் அந்த விசிறல், தூரத்தில் ஓடும் மோட்டார்போலக் கேட்கும். தண்ணீர் 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிய பிறகே சிற்றறையை மெழுகால் மூடும். அந்த அடர்த்தியில் ஈஸ்ட் எளிதில் பெருகாது. சர்க்கரை அதன் உடம்புத் தண்ணீரையே இழுத்துவிடும். சந்தைத் தேனுக்கு அரசு வைத்த வரம்பும் 20 சதவீதம்தான். விற்க நினைப்பவர் முதலில் கற்க வேண்டியது காத்திருப்பதை.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் அதைக் கற்ற ஊர். 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் அங்கே கிராமத்தாருக்குத் தேனீ வளர்க்கச் சொல்லிக்கொடுத்தார். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கையில், இலைக்காம்புச் சுரப்பிகளில் இனிப்பு கசியும். பூவில்லாத தேன் அங்கே பெட்டி பெட்டியாக வருகிறது. 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியக் கூடுகளை ஏராளமாக அழித்தது. அதைத் தாண்டியும் அந்தத் தொழில் நிலைத்தது எனக்குப் பெரிய ஆறுதல்.

என் தேனைக் கெடுத்த அதே ஈரத்தை வேண்டுமென்றே கூட்டினால் மீட், அதாவது தேன்மது. தேனோடு தண்ணீர் கலந்து ஈஸ்ட் சேர்ப்பார்கள். தேனில் நைட்ரஜன் குறைவு என்பதால் ஈஸ்ட் பசியில் தவிக்கும். அதற்குச் சத்து ஊட்டிப் பொறுமையாகப் புளிக்கவைக்க வேண்டும். குன்றவர் மூங்கில் குழாயில் விளைவித்த தேன்கள்ளைத் திருமுருகாற்றுப்படை பேசுகிறது. இன்று புனேயின் மூன்ஷைன் மீடரி தேன்மதுவைப் பாட்டிலில் விற்கிறது. புதுச்சேரியில் செய்ய நினைத்தால் முதலில் கலால் உரிமம் வேண்டும்; தேனைப்போல வீட்டு வாசலில் விற்க முடியாது.

இப்போது நான் புங்கமும் வேம்பும் பூத்து முடியும்வரை அடைச் சட்டத்தைத் தொடுவதில்லை. முக்கால் அடை வெள்ளை மெழுகாக மூடியிருந்தால்தான் கத்தியை எடுக்கிறேன்.