திங்கட்கிழமையை ஜெயிப்பது எப்படி? முத்துக்குளித்த ஊர் சொல்லும் பாடம்

தூத்துக்குடி:

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணி ஆனாலே பலருக்கு முகம் வாடிவிடுகிறது. "நாளைக்கு வேலைக்குப் போகணுமே" என்ற நினைப்பு. கடைக்காரருக்குக் கொள்முதல் கவலை. குமாஸ்தாவுக்கு மேஜையில் கிடக்கும் பைல் கவலை. துறைமுகத்துக்குப் போகிறவருக்கு ஷிப்ட் கவலை.

இதற்கு மூன்று மருந்து உண்டு. ஒன்று, தன்னம்பிக்கை. இரண்டு, அளவான உடற்பயிற்சி. மூன்று, நல்ல பாட்டு. இவற்றைக் கற்க வெளியூர் போக வேண்டாம். தூத்துக்குடியே வாத்தியார்!

கேட்டு வாங்கிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை லீவு சும்மா கிடைத்தது அல்ல. இந்த ஊர் மில் தொழிலாளர்கள் போராடி வாங்கினார்கள்.

1908-ம் ஆண்டு பிப்ரவரி 23. தூத்துக்குடிக் கூட்டத்தில் வ.உ.சிதம்பரம் பிள்ளை பேசினார். ஹார்வி கம்பெனியின் கோரல் மில் தொழிலாளர்கள் படும் பாட்டை எடுத்துச் சொன்னார். குறைந்த கூலி. நீண்ட நேர வேலை. ஒழுங்கான விடுமுறை கிடையாது.

நாலே நாள். 27-ந் தேதி தொழிலாளர்கள் வேலைக்குப் போகவில்லை. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். ஊர் பின்னால் நின்றது.

9 நாள் வேலைநிறுத்தம். மார்ச் 6-ந் தேதி நிர்வாகம் இறங்கி வந்தது. வ.உ.சி. 50 தொழிலாளர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. ஆறு நாள் கழித்து, மார்ச் 12-ந் தேதி வ.உ.சி. கைதானார். அவர் பெயர்தான் 2011-ல் தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சூட்டப்பட்டது.

அந்தத் தொழிலாளர்கள் யாரும் பயில்வான்கள் அல்ல. "ஆனது ஆகட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவும் இல்லை. என்ன வேணும் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. தன்னம்பிக்கை என்பது இதுதான். வீம்பு வேறு, தன்னம்பிக்கை வேறு.

திங்கட்கிழமைக்கும் அதே வழிதான். ஞாயிறு ராத்திரி ஒரு துண்டுச் சீட்டு எடுங்கள். மறுநாள் முடிக்க வேண்டிய மூன்று வேலைகளை எழுதுங்கள். முப்பது எழுதினால் முதல் நாளே மூச்சு முட்டும். மூன்று போதும். முடித்ததும் அடியுங்கள். மறுநாள் தெம்பு தானாக வரும்.

கயிறு யார் கையில்?

அடுத்தது உடம்பு. இதில் வீம்பு காட்டினால் உயிருக்கே ஆபத்து!

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைப் பாருங்கள். கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவார்கள். சுமார் ஒரு நிமிடம் மூச்சை அடக்கிச் சிப்பி பொறுக்குவார்கள். இடுப்புக் கயிறு மேலே தோணியில் இருப்பவர் கையில் இருக்கும். கயிறு அசைந்ததும் அவர் இழுக்கணும். ஒரு நொடி அசந்தாலும் ஆள் காலி.

அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தன் அக்காள், தங்கை தாலி அறுக்க எந்த மச்சான் சம்மதிப்பான்? "மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேணும்" என்ற பழமொழிக்கு இந்தக் கடற்கரையில் இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. சங்கு குளிப்பு நிற்கவில்லை. திரேஸ்புரத்தில் இருந்து இன்றும் போகிறார்கள். ஆனால் முறை மாறிவிட்டது. படகில் கம்ப்ரசர் மெஷின் ஓடும். குழாய் வழியாகக் காற்று வரும். அதை வாயில் கவ்விக்கொண்டு அடியில் நெடுநேரம் இருக்கலாம்.

ஆபத்தும் அங்கேதான்! 10 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் அழுத்தம் இரு மடங்கு. சுவாசிக்கும் காற்றில் உள்ள நைட்ரஜன் ரத்தத்தில் கரைகிறது. சட்டென்று மேலே வந்தால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி அது குமிழியாகப் பொங்குகிறது. மூட்டு வலி, கை கால் முடக்கம், சில நேரம் மரணம். மெதுவாக, நின்று நின்று மேலே வருவதுதான் தப்பிக்கும் வழி.

கிணற்றிலும் குளத்திலும் "யார் கூட நேரம் முங்குவது?" என்று பையன்கள் போட்டி போடுகிறார்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். இது எமனுக்கு ஓலை அனுப்புகிற வேலை! அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடும். "மூச்சு வேணும்" என்று எச்சரிக்கை மணி அடிப்பது அந்த வாயுதான். மணி அடிக்காது. தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும். அது தெரியாமலே ஆள் போய்விடுவான்.

இதில் இருந்து தரையில் நடக்கிறவர்களும் படிக்க வேண்டியது இரண்டு. ஏறுவதும் இறங்குவதும் மெதுவாக இருக்கணும். நம்மைக் கவனிக்க ஒரு ஆள் இருக்கணும்.

திங்கட்கிழமை மாரடைப்பு

அயர்லாந்தில் 2013 முதல் 2018 வரை கடுமையான மாரடைப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்த 10,528 பேரின் கணக்கை டாக்டர்கள் பார்த்தார்கள். 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். திங்கட்கிழமை வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட 13 சதவீதம் அதிகம்!

இதைப் படித்துவிட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் ஆறு மாதம் அசையாமல் இருந்தவர், திங்கட்கிழமை காலையில் திடீரென்று ஞானோதயம் வந்து ரோச் பூங்காவைச் சுற்றி ஓட்டமாக ஓட வேண்டாம். முதல் வாரம் 10 நிமிட நடை போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

பெரியவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. தினம் அரை மணி, ஐந்து நாள். கணக்கு சரியாகிவிடும்.

மிதம் என்பது எவ்வளவு? காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடியணும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் நடை போதாது. பேசவே முடியாவிட்டால் மிதத்தைத் தாண்டிவிட்டது. வேகத்தைக் குறைக்கணும்.

ஐலசாவின் ரகசியம்

இனி பாட்டு. கரைவலை இழுக்கும்போது மீனவர்கள் அம்பா பாடுவார்கள். ஒருவர் எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் "ஐலசா" என்று சேர்ந்து குரல் கொடுத்து இழுப்பார்கள்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இருபது பேர் பலமும் ஒரே நொடியில் கயிற்றில் விழணும். அதற்குத்தான் தாளம். இன்னொரு லாபமும் உண்டு. குரல் கொடுத்தால் மூச்சு வெளியே போகும். பாரம் இழுக்கும்போது மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் எகிறும். அரிசி மூட்டை தூக்குகிறவர்களும், ஜிம்மில் இரும்பு தூக்கும் இளைஞர்களும் இதைக் கவனிக்கணும். தூக்கும்போது மூச்சை விடுங்கள்!

ஜப்பானில் மூச்சடக்கி முங்கும் அமா பெண்கள் மேலே வந்ததும் விசில் மாதிரி சத்தம் எழுப்பி மூச்சை விடுவார்கள். அங்கேயும் மூச்சுக்கு ஒரு ராகம்!

லண்டன் புரூனல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராகியார்கிஸ் என்பவர் பல ஆண்டு இதை ஆராய்ந்தார். தாளத்தோடு பாட்டுக் கேட்டபடி மிதமான பயிற்சி செய்தால் களைப்பு குறைவாகத் தோன்றுகிறது. பயிற்சி ரொம்பக் கடுமையானால் பாட்டின் வேலை செல்லுபடியாகாது.

1970-களில் இந்தக் கடற்கரை வீடுகளில் காலையிலேயே இலங்கை வானொலியின் "பொங்கும் பூம்புனல்" கேட்கும். பாட்டோடு பல் விளக்கி, பாட்டோடு சைக்கிள் எடுத்த தலைமுறை அது. இப்போது பாட்டு சட்டைப் பையில் செல்போனில் இருக்கிறது. திங்கட்கிழமை எழுந்ததும் பிடித்த பாட்டு இரண்டு கேட்டுவிட்டு, மற்றதைப் பாருங்கள். செய்தியும் கடன்காரர் போனும் பத்து நிமிடம் காத்திருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை

* வெயில் ஏறுமுன் நடை முடியணும். தூத்துக்குடி வெயிலோடு போட்டி வேண்டாம். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

* ரோட்டில் நடந்தால் இரண்டு காதிலும் இயர்போன் மாட்டாதீர்கள். லாரி ஹாரன் கேட்காது.

* சர்க்கரை, பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பிக்கணும்.

* நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, திடீர் வியர்வை, மயக்கம் வந்தால் உடனே உட்காருங்கள். "வாயுதான்" என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காதீர்கள். 108-க்குப் போன் போடுங்கள்.

* தனியாகப் போகாதீர்கள். துணைக்கு ஒரு ஆள் வேணும். மச்சான் ஊரில் இல்லையென்றால், பக்கத்து வீட்டு அண்ணாச்சியை எழுப்பிக் கூட்டிப் போங்கள். அவருக்கும் திங்கட்கிழமைதானே!