குழந்தையின் புற்றுநோய்க் கட்டி: ‘சின்ன ஓட்டை’ ஆபரேஷன் எப்போது சரி, எப்போது கூடாது?

“சின்னப் புள்ள டாக்டர்... வயித்தைப் பெருசா கிழிக்காம, ஓட்டை போட்டு எடுத்துட முடியாதா?” குழந்தைக்குப் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்ததும் பல பெற்றோர் கேட்கும் கேள்வி இது. சில குழந்தைகளுக்கு முடியும். சிலருக்கு, முடிந்தாலும் செய்யக் கூடாது.

எப்படிச் செய்கிறார்கள்?

வயிற்றில் செய்தால் லேப்ராஸ்கோப்பி, நெஞ்சில் செய்தால் தோரகோஸ்கோப்பி. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் துளைகள் போதும். வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்கி, கேமராவில் பார்த்தபடி கட்டியைப் பிரிக்கிறார்கள். பிறகு அதை ஒரு பைக்குள் போட்டு, துளையைத் தேவையான அளவு பெரிதாக்கி வெளியே எடுக்கிறார்கள்.

என்ன லாபம்?

தழும்பு சிறியது, வலியும் குறைவு. அதைவிட முக்கியம், காயம் சீக்கிரம் ஆறுவதால் அடுத்த கீமோதெரபியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பரிசோதனைக்குத் திசு எடுக்கவும், பெரிய ரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொள்ளாத சிறிய அட்ரீனல் நியூரோபிளாஸ்டோமாவை அகற்றவும் இந்த முறை கைகொடுக்கிறது.

எங்கே ஆபத்து?

குழந்தைகளின் சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டிதான் நல்ல உதாரணம். இதை உடையாமல் முழுசாக எடுக்க வேண்டும். உடைந்து செல்கள் வயிற்றுக்குள் சிந்தினால், நோய் 3ஆம் நிலையாகக் கணக்கிடப்படும். கதிர்வீச்சு சிகிச்சையும் சேரலாம். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துப் பார்த்தாக வேண்டும். அதனால், கீமோவில் நன்றாகச் சுருங்கிய, சிறுநீரகத்தைத் தாண்டிப் பரவாத சிறிய கட்டிகளுக்கே இதைப் பரிசீலிக்கிறார்கள்.

நுரையீரலுக்குப் பரவிய எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசர்கோமாவில் சிக்கல் வேறு. சி.டி. ஸ்கேனில் சிக்காத பொடிக் கட்டிகள் சில, சர்ஜனின் விரலுக்குத் தட்டுப்படும். கேமராவுக்கு அந்தத் தொடு உணர்வு கிடையாது. அதனால் பல சர்ஜன்கள் இன்னமும் நெஞ்சைத் திறந்தே செய்கிறார்கள்.

பெற்றோர் என்ன கேட்கலாம்?

* கட்டி உடையாமல் வெளியே வருமா?
* நிணநீர் முடிச்சுகளை எடுக்க முடியுமா?
* இந்த முறையில் குழந்தைகளுக்குச் செய்த அனுபவம் உங்கள் குழுவுக்கு உண்டா?

துளை வழியாகத் தொடங்கிய ஆபரேஷனைப் பாதியில் திறந்த முறைக்கு மாற்றினால், ‘ஏதோ தப்பாயிடுச்சு’ என்று பதற வேண்டாம். பெரும்பாலும் அது பாதுகாப்புக்காக எடுக்கும் முடிவு. தழும்பு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டியின் மிச்சம் உள்ளே இருந்துவிடக் கூடாது.