கைப்பிடி வலிமையும் கத்தாத பெண்ணும்

ஆபத்தைத் தவிர்க்கும்படி பெண்ணுடல் பரிணமித்திருக்கிறது என்கிறார்களே, உண்மையா என்று சென்ற அமர்வில் ஒரு நண்பர் கேட்டார். நான் டிப்ளமோ படித்த செவிலி, ஆராய்ச்சியாளர் அல்ல. ஆனாலும் தேடிப் படித்தேன்.

1998இல் சவான், கேலப் இருவரும் அமெரிக்கக் கல்லூரி மாணவிகளை ஆராய்ந்து, கருத்தரிக்கக்கூடிய நாட்களில் பெண்கள் ஆபத்தான செயல்களைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்றார்கள். 2002இல் பெட்ராலியாவும் கேலப்பும் இன்னொன்று சொன்னார்கள்: தாக்குதல் பற்றிய கதையை வாசித்ததும் அந்த நாட்களில் இருக்கும் பெண்களின் கைப்பிடி வலிமை கூடுகிறதாம்.

என் முதல் சந்தேகம் தொழில் சார்ந்தது. ‘அந்த நாட்கள்’ எவை? இத்தகைய பல ஆய்வுகளில் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணியிருக்கிறார்கள். மகப்பேறு வார்டில் வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்கள். வில்காக்ஸ் குழு சிறுநீரில் ஹார்மோன்களை அளந்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், அந்த நாட்கள் முழுவதும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்குத்தான்.

அடுத்தது, இருட்டுத் தெருவில் வரும் அந்நியன். நான் கவனித்த பெண்களில் பெரும்பாலோருக்கு அவன் பெயர் தெரியும். ஒருத்திக்கு அவன் வீட்டு நாயின் பெயரும் தெரிந்திருந்தது.

தவிர்ப்பதைப் பற்றிப் பேசுவதானால், கனடாவில் சார்லின் சென் குழு 2015இல் வெளியிட்ட சோதனையைப் பேசலாம். 3 பல்கலைக்கழகங்கள், 893 மாணவிகள். தெரிந்த ஆணிடமிருந்து வரும் ஆபத்தை அடையாளம் காணவும், தயக்கத்தை விடவும், தற்காத்துக்கொள்ளவும் 12 மணி நேரப் பயிற்சி. ஓராண்டில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள், பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 9.8. முழுக்கத் தடுத்துவிடவில்லை, ஆனால் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. குற்றம் செய்தவன்மேல்தான் பழி என்பதையும் அந்தக் குழு தெளிவாகவே சொல்கிறது.

பல வருடங்களுக்கு முன், தமிழ் தெரியும் என்பதால் அவசரப் பிரிவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள்: “அக்கா, நான் ஏன் கத்தல?” வேதாகமம் வாசித்து வளர்ந்தவள் நான். உபாகமம் 22ஆம் அதிகாரத்தில், நகரத்துக்குள் கூக்குரலிடாத, நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கும் தண்டனை உண்டு. அது நினைவுக்கு வந்து எனக்குப் பேச்சு எழவில்லை. தண்ணீர் மட்டும் கொடுத்தேன்.

2017இல் ஸ்டாக்ஹோம் ஆய்வு வந்தது. வன்புணர்வுக்குப் பின் அவசர மையத்துக்கு வந்த 298 பெண்களில் 70 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் உடல் உறைந்துபோயிருக்கிறது. கை அசையாது, குரல் வராது. வேட்டையாடப்படும் விலங்குகளிடமும் காணும் நிலைதான். இதுவும் பரிணாமம் தந்ததாக இருக்கலாம். ஆனால் கைப்பிடியை அளக்கும் கருவியில் இது தெரியாது.

இப்போது யாராவது அதே கேள்வியைக் கேட்டால், தண்ணீர் கொடுத்துவிட்டு இந்த எண்ணையும் சொல்கிறேன்.