ஆர்டி கெர்னல் போட்டதும் வைஃபை ஏன் காணாமப் போகுது?

லேப்டாப்ல லினக்ஸ், பக்கத்துல ஒரு யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். ஹெட்போன்ல உங்க குரலைக் கேட்டுக்கிட்டே பாடுறீங்க. டேக் அருமையா போகும்போது நடுவுல 'டிக்'னு ஒரு சத்தம். இதுக்குப் பேரு எக்ஸ்ரன். ஒலியோட அடுத்த துண்டைக் குறிச்ச நேரத்துக்குள்ள சிஸ்டம் கையாளலைன்னு அர்த்தம். அந்தத் துண்டு போனது போனதுதான், எடிட்டிங்ல திரும்ப வராது.

கணக்கைப் பாருங்க. நொடிக்கு 48,000 சாம்பிள், பஃபர் 1024 வெச்சா ஒவ்வொரு துண்டுக்கும் 21 மில்லிசெகண்ட் அவகாசம். ஆனா அவ்வளவு தாமதமா குரல் காதுக்கு வந்தா பாட முடியாது. 128க்கு இறக்குனா அவகாசம் 2.7 மில்லிசெகண்ட்தான். அந்த நேரத்துல வைஃபை டிரைவர் சிபியூவைப் பிடிச்சுக்கிட்டா, டிக்! (நம்ம ஷோ மாதிரி வெறும் பேச்சுன்னா 1024 போதும், இந்தத் தலைவலியே வேண்டாம்.)

ரியல்-டைம் கெர்னல் மெஷினை வேகமாக்காது. எக்ஸ்பிரஸ் பஸ் இல்ல அது, சொன்ன டைமுக்கு வர்ற பஸ். கெர்னல் எந்த வேலையில இருந்தாலும், ஏறக்குறைய எல்லா இடத்துலயும் அதை நிறுத்திட்டு ஆடியோவுக்கு வழிவிட வைக்கும். சுமார் 20 வருஷமா தனி பேட்ச்சா இருந்த இது, 2024 செப்டம்பரில்தான் மெயின் லினக்ஸுக்குள்ள வந்தது, 6.12 பதிப்பில் கிடைத்தது. டெபியன்ல தனி பேக்கேஜாவே இருக்கு.

இனிதான் லேப்டாப் கதை. புது கெர்னல்ல பூட் பண்ணா வைஃபை இல்ல, சில நேரம் திரையே வராது. காரணம் எளிசு. கெர்னலோட சேர்ந்து வராத டிரைவர்களை ஒவ்வொரு கெர்னலுக்கும் தனியா பில்ட் பண்ணணும். அதுக்கு ஆர்டி கெர்னலோட ஹெடர் பேக்கேஜ் வேணும். அதைப் போட்டா பாதிப் பிரச்சினை தீரும். என்விடியாவோட சொந்த டிரைவர் ஆர்டி கெர்னலைப் பார்த்தாலே பில்ட் ஆக மறுக்கும். வற்புறுத்தி ஏத்த வழி இருக்கு, ஆனா ரெக்கார்டிங் மெஷின்ல நான் அதைச் செய்ய மாட்டேன். இன்டெல் இல்லன்னா ஏஎம்டி கிராபிக்ஸே போதும். பழைய கெர்னலை மட்டும் அழிச்சிடாதீங்க, கிரப் மெனுவுல இருக்கட்டும்.

இதைவிட மோசமான ஆள் ஒருத்தர் உண்டு: எஸ்எம்ஐ. ஃபேன், பேட்டரின்னு ஏதோ ஒரு வேலைக்காக பயாஸ் சிபியூவை அப்படியே எடுத்துக்கும். கெர்னலுக்கே தெரியாது, அதனால ஆர்டியாலயும் தடுக்க முடியாது. இதைக் காட்டிக்கொடுக்க ஹெச்டபிள்யூலேட்டிடெக்ட்னு ஒரு கருவி இருக்கு. கூடவே சைக்ளிக்டெஸ்ட்டை அரை மணி நேரம் ஓட விடுங்க, பின்னணியில வீடியோவும் ஓடட்டும். சராசரியைப் பார்க்காதீங்க, 'மேக்ஸ்' எண்ணைப் பாருங்க. அது மைக்ரோசெகண்ட்ல வரும். ஆயிரத்தைத் தாண்டுச்சுன்னா 128 பஃபரை நம்பிப் பாட உட்காராதீங்க. பயாஸ் அப்டேட் சில சமயம் உதவும். உதவலைன்னா அந்த லேப்டாப்ல பஃபரை 256க்கு ஏத்துறதுதான் வழி.

இத்தனைக்கும் முன்னாடி இலவசமா ஒண்ணு: உங்க யூசருக்கு ரியல்-டைம் முன்னுரிமை அனுமதி இருக்கான்னு பாருங்க, சிபியூ கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்'ல வைங்க, பாடும்போது வைஃபையை அணைச்சிடுங்க. பல பேருக்கு டிக் சத்தம் இதுலயே நின்னுடும், ஆர்டி கெர்னல் பக்கமே போக வேண்டியிருக்காது.