சாவிக்கொத்துல தப்பின கணக்கு

லீக்னு சொன்னா நம்மள்ல பல பேர் என்ன நினைக்கிறோம்? மெமரி கொஞ்சம் கொஞ்சமா தீரும், மிஷின் ஸ்லோ ஆகும், ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடும். அவ்வளவுதானேன்னு. கர்னலுக்குள்ள லீக் ஆகறது ஒரு எண்ணிக்கையா இருந்தா கதை அங்கே முடியாது. மிஷினே அடுத்தவர் கைக்குப் போயிடும். அதுக்கு உதாரணமா நான் எடுத்துக்கிட்டது, 2016 ஜனவரியில வெளியே வந்த ஒரு லினக்ஸ் ஓட்டை. அதோட பதிவு எண் சிவிஇ-2016-0728. கண்டுபிடிச்சது பர்செப்ஷன் பாயின்ட்ங்கிற இஸ்ரேல் நிறுவனம்.

முதல்ல கீரிங்னா என்னன்னு பார்த்துடுவோம். பாஸ்வேர்டு, என்கிரிப்ஷன் கீ மாதிரி ரகசியங்களை ப்ரோகிராம்களுக்காக கர்னலே பத்திரமா வச்சிருக்கற சாவிக்கொத்து அது. ஒரே கொத்தைப் பல ப்ரோகிராம்கள் பயன்படுத்தலாம். அப்போ அதை எப்போ தூக்கிப் போடறது? அதுக்குத்தான் ரெஃபரன்ஸ் கவுன்ட். ஒரு ஹால் வாசல்ல வாட்ச்மேன் நோட்டு வச்சிருக்கார்னு வைங்க. உள்ளே ஒருத்தர் போனா ஒண்ணு கூட்டுவார், வெளியே வந்தா ஒண்ணு கழிப்பார். பூஜ்யம் வந்தா ஹால் காலி, அடுத்த பார்ட்டிக்குக் கொடுத்துடலாம்.

இப்போ பிரச்சினை. ஒரு ப்ரோகிராம் தன்கிட்ட ஏற்கெனவே இருக்கற அதே கொத்தைப் பேர் சொல்லி மறுபடி கேட்குது. கர்னல் அதைத் தேடி எடுக்கும்போது ஒண்ணு கூட்டிடுது. "அட, இது உன்கிட்டயே இருக்கே"ன்னு பார்த்துட்டு, வேலை இல்லைன்னு திரும்பிடுது. கூட்டின ஒண்ணைக் கழிக்க மறந்துடுது. உள்ளே இருக்கறது ஒரே ஆள், நோட்டுல ரெண்டு. திரும்பக் கேட்டா மூணு.

எண்ணிக்கை ஏறிக்கிட்டே போனா கொத்து அழியாம கிடக்கும், அதனால என்னன்னு தோணும். ஆனா அந்த கவுன்ட் 32 பிட். பைக் மீட்டர் 99999 தாண்டினா 00000 ஆகுதுல்ல, அதே மாதிரி சுமார் 429 கோடி தடவை கூட்டினா இதுவும் பூஜ்யத்துக்கு வந்துடும். யார் உட்கார்ந்து 429 கோடி தடவை கேட்பாங்க? ஒரு லூப் கேட்கும். அவங்க சோதிச்ச இன்டெல் ஐ7 மிஷின்ல இதுக்கு ஆனது சுமார் அரை மணி நேரம். நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேல!

பூஜ்யத்தைப் பார்த்த கர்னல் அந்த மெமரியை விடுவிச்சுடும். ஆனா ப்ரோகிராம் கையில பழைய முகவரி இன்னும் இருக்கு. காலியான அந்த இடத்துல, தாக்கறவர் தான் தயார் பண்ணின தகவலை நிரப்பிடுவார். கீரிங்குக்குள்ள "இந்த வேலைக்கு இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு"ன்னு முகவரிகள் இருக்கும். இப்போ அது அவர் எழுதின முகவரி. கர்னல் நம்பி அதை ஓட்டும், சாதாரண யூசர் ரூட் ஆயிடுவார்.

இந்தத் தப்பு 2013ல வந்த 3.8 கர்னல்லேர்ந்து, கிட்டத்தட்ட மூணு வருஷம் யார் கண்ணுலயும் படாம இருந்திருக்கு. சரிபண்ண வேண்டிய வேலை என்னன்னா, திரும்பிப் போறதுக்கு முன்னாடி அந்த ஒண்ணைக் கழிக்கணும். உண்மையான திருத்தம் ஒரே வரி.

அப்போ பரபரப்பானது வேற ஒரு எண். ஆண்ட்ராய்டு போன்கள்ல 66 சதவீதம் ஆபத்துலன்னு அந்த நிறுவனம் சொல்லிச்சு. கூகுள் அதை ஒத்துக்கலை. ஆண்ட்ராய்டு 5லேர்ந்து எஸ்ஈலினக்ஸ் கட்டுப்பாடு இருக்கறதால வெளி ஆப்கள் அந்தக் கோடு பக்கமே போக முடியாதுன்னு சொன்னாங்க. எனக்கு கூகுள் வாதம்தான் சரியாப் படுது, பழைய போன் வச்சிருந்தவங்களுக்கு அது ஆறுதல் இல்லைன்னாலும். தவிர, ஸ்மெப், ஸ்மாப் மாதிரி ப்ராசஸர் பாதுகாப்பு இருந்தா இந்தத் தாக்குதல் இன்னும் கஷ்டம்.

ஒரு வரியை ஒட்டினதோட கர்னல்காரங்க நிக்கலை. 2017ல வந்த 4.11ல ரெஃப்கவுன்ட்-டின்னு புது வகை கவுன்ட் கொண்டு வந்தாங்க. அது உச்சத்தைத் தொட்டா பூஜ்யத்துக்குச் சுத்தாது, அங்கேயே உறைஞ்சு நின்னுடும். அந்தப் பொருள் அப்புறம் விடுதலையே ஆகாது, கொஞ்சம் மெமரி வீண். லீக் வெறும் லீக்காவே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டாங்க.