மலையூரில் அலைபேசித் தொடர்பு

இமாசலப் பிரதேசத்தின் குல்லு பள்ளத்தாக்கில், பியாஸ் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் மணாலி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. தில்லி, சண்டிகர் போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் கோடை விடுமுறையில் அங்குச் செல்கின்றன. அவ்வாறு செல்வோர், "போய்ச் சேர்ந்தோம்" என்று ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்குச் செய்தி சொல்வது வழக்கம்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அப்பகுதியில் பெருமழை பெய்தது. பியாஸ் ஆறு கரைபுரண்டது. சாலைகள் அரித்துச் செல்லப்பட்டன. மின்சாரமும் அலைபேசித் தொடர்பும் பல இடங்களில் அறுபட்டன. ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் வெளியேற வழியின்றித் தங்கினர். அவர்களுள் பலர் பாதுகாப்பாகவே இருந்தனர். ஆயினும் அச்செய்தியை வீட்டாருக்குத் தெரிவிக்க இயலவில்லை. வீட்டில் இருந்தவர்கள் அழைத்து அழைத்துப் பார்த்துக் கலங்கினர்.

மலையூரில் தொடர்பு ஏன் அறுபடுகிறது? அது எங்கே கிடைக்கும்? கிடைக்காத நேரத்தில் என்ன செய்வது? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

அலையும் மலையும்

அலைபேசி என்னும் தமிழ்ச்சொல்லே அது இயங்கும் முறையைக் கூறிவிடுகிறது. நம் குரலும் எழுத்தும் வானொலி அலைகளாக மாறி அருகிலுள்ள கோபுரத்தை அடைகின்றன. சமவெளியில் ஒரு கோபுரத்தின் அலைகள் நெடுந்தொலைவு பரவும். மலைப்பகுதியில் அவ்வாறு இல்லை. பாறையும் மண்ணும் நிறைந்த மலையை இவ்வலைகள் ஊடுருவ இயலா. எனவே, கோபுரம் மிக அருகில் இருந்தாலும், இடையில் ஒரு மலைச்சரிவு நின்றால் தொடர்பு கிடைக்காது.

அலைகளின் தன்மையும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 700, 800, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண் அலைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவர்களைக் கடந்தும் ஓரளவு உட்புகும். 2300, 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அதிர்வெண் அலைகள் மிகுதியான தரவை விரைவாகச் சுமக்கும். ஆனால் குறைந்த தொலைவே செல்லும். ஆதலால் கடைத்தெருவில் கிடைக்கும் விரைவான இணையம், ஊருக்கு வெளியே உள்ள விடுதியில் கிடைப்பது உறுதியன்று.

இதை அறிந்தவர், தொடர்பு இல்லாத இடத்தில் அலைபேசியை உயர்த்திப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்க மாட்டார். ஊரின் பக்கம் பார்வை திறந்திருக்கும் இடத்திற்குச் செல்வார். மலைச்சரிவின் மறைவிலிருந்து சிறிது தொலைவு விலகினாலே தொடர்பு கிடைப்பதுண்டு. அறைக்குள் கிடைக்காதபோது மாடத்தில் கிடைக்கக்கூடும். ஆனால் தொடர்பைத் தேடிப் பாறை விளிம்புக்கோ ஆற்றின் நடுவிலுள்ள கற்களுக்கோ ஒருபோதும் செல்லக் கூடாது.

கோபுரத்திற்குப் பின்னால்

அலைபேசித் திரையின் மூலையில் சிறு கோடுகள் தெரிகின்றன அல்லவா? அவை நம் அலைபேசிக்கும் கோபுரத்திற்கும் இடையிலுள்ள அலைகளின் வலிமையை மட்டுமே காட்டுகின்றன. கோபுரத்திற்கு அப்பால் நடப்பதை அவை காட்டுவதில்லை.

கோபுரத்திலிருந்து நம் செய்தி கண்ணாடி இழைக் கம்பி வழியாகவோ, மற்றொரு கோபுரத்தை நோக்கிய நுண்ணலை வழியாகவோ தொலைதூர நகரங்களுக்குச் செல்கிறது. மலைநாட்டில் இக்கம்பிகள் பெரும்பாலும் சாலையை ஒட்டியே புதைக்கப்படுகின்றன. நிலச்சரிவில் சாலை உடைந்தால் கம்பியும் அறுபடும். மின்சாரம் நின்றால் கோபுரம் மின்கலத்தாலும் டீசல் மின்னாக்கியாலும் சில காலம் இயங்கும். சாலை அடைபட்டு டீசல் வந்து சேராவிட்டால் அதுவும் நின்றுவிடும். 2023 வெள்ளத்தில் சாலை, மின்சாரம், தொடர்பு ஆகிய மூன்றும் ஒருசேரப் பாதிக்கப்பட்டதன் காரணம் இதுவே. ஒன்று மற்றொன்றைச் சார்ந்துள்ளது.

கூட்டமும் ஒரு காரணமாகும். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதனோடு இணைந்துள்ள அனைவரும் பங்கிட்டுக் கொள்கின்றனர். மே, ஜூன் மாதங்களிலும் ஆண்டிறுதியிலும் மணாலியில் பயணிகள் நிறைந்துவிடுவர். அப்போது கோடுகள் முழுமையாகத் தெரிந்தாலும் இணையம் ஊர்ந்து செல்லும். அதிகாலையில் பயன்படுத்துவோர் குறைவு. படங்களை அனுப்புவதற்கு அந்நேரமே ஏற்றது.

எந்த நிறுவனத்தின் இணைப்பு?

"மலையில் எந்த நிறுவனத்தின் இணைப்பு சிறந்தது?" என்று பலரும் கேட்பர். இதற்கு ஒரே விடை இல்லை. ஒரு நிறுவனத்தின் கோபுரம் ஆற்றின் இக்கரையில் இருக்கும். மற்றொன்றின் கோபுரம் அக்கரையில் இருக்கும். விடை, தங்கும் இடத்தைப் பொறுத்து மாறும்.

இதனை அறிய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, அலைபேசி நிறுவனங்கள் வெளியிடும் தொடர்புப்பரப்பு வரைபடம். எந்தெந்த இடங்களில் தம் சேவை கிடைக்கும் என்பதைக் காட்டும் வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் விதித்துள்ளது. இரண்டாவது, தங்கவிருக்கும் விடுதியாரைக் கேட்டல். "உங்கள் ஊரில் தொடர்பு கிடைக்குமா?" என்று கேட்பதைவிட, "அறைக்குள் எந்த நிறுவனத்தின் இணைப்பு கிடைக்கும்? மின்தடையின்போது வைஃபை இயங்குமா?" என்று கேட்பதே பயன் தரும். மூன்றாவது, குடும்பத்தில் ஒருவரேனும் வேறொரு நிறுவனத்தின் சிம் அட்டையை வைத்திருத்தல்.

மணாலியிலிருந்து வடக்கே செல்வோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதனைக் கடந்தால் லாகௌல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. அங்கு ஊர்கள் குறைவு, கோபுரங்களும் குறைவு. அதற்கும் அப்பால் லே நகரை நோக்கிச் செல்லும் சாலையில் நெடுந்தொலைவுக்குத் தொடர்பே இராது. மேலும், பிற மாநிலங்களில் வாங்கிய முன்கட்டண இணைப்புகள் லடாக்கில் இயங்குவதில்லை. பின்கட்டண இணைப்புகளே இயங்கும். இதை அறியாதவர், லே நகரின் கோபுரத்தடியில் நின்றாலும் பேச இயலாது.

புறப்படும் முன்

தொடர்பு உள்ள இடத்தில் இருக்கும்போதே, அது இல்லாத இடத்திற்கான ஏற்பாட்டைச் செய்துவிட வேண்டும்.

மணாலிப் பகுதியின் வரைபடத்தை அலைபேசியில் பதிவிறக்கிக் கொள்ளுங்கள். நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் வசதிக்கு இணையம் தேவையில்லை. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிலிருந்து நேரடியாக அலைகளைப் பெற்று அது இயங்குகிறது. பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு ஆகியவற்றைப் படமாகச் சேமித்துக் கொள்ளுங்கள். இணையம் இன்றி யுபிஐ வழியே பணம் செலுத்துவது கடினம். ஆதலால் கையில் சிறிது பணம் இருக்கட்டும். வீட்டாரின் எண்களை ஒரு தாளில் எழுதி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் வையுங்கள்.

தொடர்பு இல்லாத இடத்தில் அலைபேசி கோபுரத்தை இடைவிடாது தேடும். மின்கலம் விரைவில் தீரும். குளிரும் மின்கலத்தின் ஆற்றலைக் குறைக்கும். அவ்வேளையில் அதனை விமானப் பயன்முறையில் வைத்து, உடைக்குள் வெதுவெதுப்பாகப் பாதுகாப்பது நன்று.

சிறு செய்தியின் பெரும்பயன்

இணையம் ஊரும் இடத்திலும் குறுஞ்செய்தி பெரும்பாலும் சென்றுவிடும். அதற்கு மிகக் குறைந்த அலைவளமே போதும். ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கிலத்தில் 160 குறிகளும் தமிழில் 70 குறிகளும் அடங்கும். 'கி' என்னும் எழுத்து கணினிக்கு இரண்டு குறிகள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். "மணாலி வந்தோம். அனைவரும் நலம். நாளை இரவு 8 மணிக்கு அழைப்போம்." இச்செய்தி 70 குறிகளுக்குள் அடங்கிவிடும். எங்கே இருக்கிறோம், எப்படி இருக்கிறோம், மீண்டும் எப்போது பேசுவோம் ஆகிய மூன்றும் இதில் உள்ளன.

ஆபத்து நேர்ந்தால் 112 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். நம் நிறுவனத்தின் தொடர்பு இல்லாவிட்டாலும், வேறு நிறுவனத்தின் கோபுரம் அருகில் இருந்தால் அதன் வழியே இவ்வழைப்பு செல்லக்கூடும். எனவே, "சேவை இல்லை" என்று திரை காட்டினாலும் முயன்று பார்க்க வேண்டும்.

ஓர் உடன்பாடு

எத்தனை ஏற்பாடு செய்தாலும் மலையில் சில நேரம் தொடர்பு கிடைக்காது. ஆகவே, புறப்படும் முன் வீட்டாருடன் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள். எந்தப் பாதையில் செல்கிறீர்கள், எந்த நாள்களில் தொடர்பு இராது, எந்த நாளுக்குள் செய்தி வரவில்லையெனில் யாரை அழைக்க வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணம் தெரிந்த அமைதியைப் பாட்டியால் பொறுத்துக்கொள்ள முடியும். காரணம் தெரியாத அமைதியே அவர்களை உறங்கவிடாது. தொடர்பை அமைத்துத் தருவது கோபுரத்தின் வேலை. தொடர்பு அறுபடும் நாளுக்காக வீட்டாரை ஆயத்தப்படுத்துவது நம் கடமை.

சொல்லும் பொருளும்

அதிர்வெண் – ஒரு நொடியில் அலை அதிரும் எண்ணிக்கை
கண்ணாடி இழைக் கம்பி – ஒளியின் வழியே செய்தியைக் கடத்தும் மெல்லிய கம்பி
மின்னாக்கி – மின்சாரத்தை உண்டாக்கும் பொறி
முன்கட்டண இணைப்பு – பணம் செலுத்திய பின் பயன்படுத்தும் இணைப்பு
பின்கட்டண இணைப்பு – பயன்படுத்திய பின் பணம் செலுத்தும் இணைப்பு

சிந்தித்து விடை எழுதுக

1. திரையில் கோடுகள் முழுமையாகத் தெரிந்தும் இணையம் மெதுவாக இயங்குவது ஏன்?
2. சாலை உடைந்தால் அலைபேசித் தொடர்பும் அறுபடுவது எவ்வாறு?
3. விடுதியாரிடம் நீங்கள் கேட்கும் கேள்விகள் மூன்றனை எழுதுக.
4. நீங்கள் ஒரு மலையூரை அடைந்துவிட்டீர்கள். உங்கள் பாட்டிக்கு 70 குறிகளுக்குள் தமிழில் ஒரு குறுஞ்செய்தி எழுதுக.