டிசம்பருக்குள் ஒரு பள்ளித் திட்டம்

தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் பூமியில் உள்ள புதியம்புத்தூர் தையலால் பிழைக்கும் ஊர். நைட்டியும் பாவாடையும் சின்னப் பிள்ளைகள் உடுப்பும் இங்கே தைத்து மூட்டை மூட்டையாக வெளியூர் போகின்றன. தீபாவளி சீசனில் மிஷின் சத்தம் ராத்திரியிலும் கேட்கும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் பொங்கல் ஆர்டர் வந்துவிடும். பீஸ் கணக்கில் கூலி வாங்கும் ஒரு தாய் வெள்ளிக்கிழமை பிற்பகல் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போனால் அன்றைய கூலியில் பாதி போய்விடும். போனால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்று அவர் கேட்பது நியாயம்தான். பதிவேட்டில் கையெழுத்தும் ஒரு கிளாஸ் டீயுமாக முடிகிற கூட்டத்துக்கு அவரை வரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தின் கையில் சட்டமே கொடுத்திருக்கும் ஒரு வேலை உண்டு: பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது. அதை ஒழுங்காகச் செய்தால் கூலி இழந்து வந்ததற்குப் பலன் இருக்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதை இரண்டு பிரிவுகளில் சொல்கிறது. 21ஆம் பிரிவின்படி குழுவில் முக்கால் பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். 22ஆம் பிரிவு அந்தக் குழுவைத் திட்டம் தயாரிக்கச் சொல்கிறது. அரசும் உள்ளாட்சியும் அந்தப் பள்ளிக்குத் தரும் மானியத்துக்கு அந்தத் திட்டமே அடிப்படை என்றும் எழுதி வைத்திருக்கிறது. இந்தக் கடைசி வரியைத்தான் பெற்றோர் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். கேட்டுப் பார்ப்போம், கொடுத்தால் கொடுக்கட்டும் என்கிற மனுவுக்கு இந்தத் தகுதி கிடையாது.

சட்டம் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதும் பத்தும் அதற்கு வெளியே நின்றன. 2009இல் வந்த இடைநிலைக் கல்வித் திட்டத்தில் அவற்றுக்குத் தனிக் குழு இருந்தது. 2018இல் சமக்ர சிக்ஷா என்ற பெயரில் தொடக்கக் கல்வித் திட்டமும் இடைநிலைக் கல்வித் திட்டமும் ஒன்றாகின. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோர் கூட்டம் நடத்தி, அதைத் தொடர்ந்து 20 பேர் கொண்ட குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். 2024 மறுகட்டமைப்பில் எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். பல காலமாக இருந்துவரும் பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இந்தக் குழு வேறு. திட்டம் எழுதும் கடமை இந்தக் குழுவுடையது.

திட்டம் மூன்றாண்டுக்கு உரியது. அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக மூன்று துணைத் திட்டங்கள். 2010இல் வந்த மாதிரி விதிகள் அதில் இருக்க வேண்டியவற்றைச் சொல்கின்றன: ஒவ்வொரு வகுப்பிலும் வரும் ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள், கூடுதலாக எத்தனை ஆசிரியர் வேண்டும், கட்டடமும் பிற வசதியும் எவ்வளவு தேவை, இதற்கெல்லாம் ஆண்டுவாரியாக எவ்வளவு பணம். குழு அமைந்த நிதியாண்டு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே இது தயாராகிவிட வேண்டும் என்கிறது விதி. டிசம்பர் கடைசி என்று கணக்கு. பிந்தைய ஆண்டுகளின் துணைத் திட்டத்துக்கும் அதே கெடுவை வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அடுத்த நிதியாண்டுக்கான மாவட்டத் திட்டம் உருவாகி முடிந்த பிறகு பிப்ரவரியில் தீர்மானம் போட்டு ஒரு பயனும் இல்லை.

இந்த டிசம்பர் கெடு கரிசல்காட்டுக்கு ஒரு வகையில் வசதி, ஒரு வகையில் பொல்லாதது. நம் மழை ஐப்பசி, கார்த்திகையில் வருவது. டிசம்பரில் பள்ளியைச் சுற்றி நடந்தால் எந்த வகுப்பறை ஒழுகுகிறது, மைதானத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் தேங்குகிறது, எந்த வழியில் பிள்ளைகள் சேற்றில் வருகிறார்கள் என்பதெல்லாம் கண்ணுக்கு முன்னால் கிடக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் இதே தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டித் தீர்த்தது. மழையைத் தேடித் திரியும் மாவட்டத்திலும் வடிகாலுக்குத் திட்டத்தில் ஒரு வரி இருந்தாக வேண்டும் என்பதை அந்த இரண்டு நாள் காட்டிவிட்டது.

பொல்லாத பக்கம் மண்ணில் இருக்கிறது. கரிசலில் உள்ள களிமண் கனிமம் தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு நிலம் வாய் பிளப்பதை இங்கே எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அஸ்திவாரத்துக்குக் கீழேயும் அதே மண்தான் ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. ஜன்னல் மூலையிலிருந்து குறுக்காக ஏறும் விரிசல், நடுவில் உப்பிய தரை, ஒரு பக்கம் சாய்ந்த சுற்றுச்சுவர், கோடையில் மூடாத கதவு எல்லாம் அதன் வேலை. மழை முடிந்த டிசம்பரில் மண் உப்பி நிற்பதால் விரிசல் பாதி மூடிக்கொள்ளும். அப்போது பார்த்துவிட்டு, சிமென்ட் வைத்துப் பூசி வெள்ளையடிக்கலாம் என்று திட்டத்தில் எழுதினால், அந்தப் பூச்சு சித்திரையில் வெடிக்கும். அடுத்த டிசம்பரில் அதே வரி மறுபடி வரும்.

செலவில்லாத ஒரு வேலை இதற்கு உண்டு. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுத வேண்டும். அகலம் அதிகமான இடத்தில் ஸ்கேல் வைத்து அளந்து அந்த எண்ணையும் சுவரிலேயே குறிக்கலாம். மழை முடிந்ததும் ஒரு முறை, ஏப்ரலில் ஒரு முறை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். அறிவியல் பாடத்துக்கும் ஆயிற்று. விரிசல் ஆண்டுக்கு ஆண்டு நீள்கிறதா, மழைக்கும் வெயிலுக்கும் மாறி மாறித் திறந்து மூடுகிறதா என்பது அந்தக் கோடுகளில் தெரியும். முதல் வகை என்றால் பொறியாளரை உடனே வரவழைத்து எழுத்தில் கருத்து வாங்க வேண்டும். அந்த அறையில் பிள்ளைகளை உட்கார வைக்கக்கூடாது. இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் பூச்சைவிடக் கட்டடத்தைச் சுற்றி அகலமான சிமென்ட் தளம் போட்டு, கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தூரமாக விடுவது நல்ல பலன் தரும். அஸ்திவாரத்து மண்ணின் ஈரம் அடிக்கடி மாறாமல் இருந்தால் ஆட்டமும் குறையும். புதுக் கட்டடம் கேட்கும் பள்ளி, கரிசலுக்கு ஏற்ற அஸ்திவாரம் வேண்டும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரளை நிரப்புவதோ, அடியில் குமிழ் விரித்த பைல் இறக்குவதோ பொறியாளர் முடிவு. கேட்டு வைப்பது குழுவின் கடமை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஓர் உதவிபெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடிக்க உத்தரவு போனது. ஓர் ஆண்டுத் திட்டத்தில் முதல் வரி எதுவாக இருக்க வேண்டும் என்பதில் அந்த மூன்று பிள்ளைகளுக்குப் பிறகு விவாதத்துக்கு இடமில்லை.

அடுத்தது கேட்கும் முறை. துணி தைக்கிற ஊருக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை: அளவு இல்லாமல் கட்டிங் மாஸ்டர் கத்திரியை எடுப்பதில்லை. 'கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்' என்று எழுதும் தீர்மானத்தில் அளவு இல்லை. எடுத்துக்காட்டுக்கு 240 பேர் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். பெண் பிள்ளைகள் 120. ஒரு கழிப்பிடமும் மூன்று சிறுநீர்க் கழிப்பிடமும் சேர்ந்த ஓர் அலகு 40 பிள்ளைகளுக்கு வேண்டும் என்பது மத்திய அரசின் தூய்மைப் பள்ளி வழிகாட்டி சொல்லும் அளவு. 120 பேருக்கு மூன்று அலகு. இருப்பது இரண்டு, அதில் ஒன்றில் தண்ணீர் வரவில்லை என்றால், எழுத வேண்டியது இது: ஒன்றுக்குக் குழாய் இணைப்பு, ஒன்று புதிதாக, கதவுக்கு உள்தாழ்ப்பாள், நாப்கின் போட மூடியுள்ள தொட்டி, தினமும் கழுவும் ஆளுக்குச் சம்பளம் எந்தக் கணக்கில். ஆய்வுக்கு வரும் அதிகாரி இதைத் தட்டிக் கழிக்க ஒரு காரணம் தேட வேண்டியிருக்கும்.

பணம் எங்கிருந்து என்பதில்தான் பல குழுக்கள் குழம்புகின்றன. சமக்ர சிக்ஷாவின் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. 100க்கு மேல் 250 வரை 50,000 ரூபாய், 250க்கு மேல் 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைக்கு. நம் 240 பேர் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 208 ரூபாய் வருகிறது. சாக்பீஸ், பேப்பர், மின்விளக்கு, குழாய் ரிப்பேர், கழிப்பறைக்கு பினாயில் என்று இதிலேயே தீர்ந்துவிடும். வகுப்பறை கட்ட இதைப் பார்க்கக் கூடாது. இந்தப் பணமும் நிச்சயமில்லை. 2024-25இல் பி.எம்.ஸ்ரீ என்ற பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததை ஒட்டி மத்திய அரசு சுமார் 2,152 கோடி ரூபாயை விடுவிக்கவில்லை. மாநில அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் போனது. அந்தச் சண்டையில் சரி யார் பக்கம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பினாயில் வாங்கப் பணம் இல்லாமல் போவது பள்ளிக்கூடத்துக்குத்தான்.

கட்டடத்துக்கு மாநில அரசின் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. ஐந்தாண்டில் 7,000 கோடி ரூபாய் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஊராட்சியைக் கேட்கலாம்: பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரத்துக்கென்றே ஒதுக்கப்பட்டது. தூத்துக்குடி உட்பட 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்கள் கைக்குப் போனது. அப்படி வார்டு உறுப்பினர் இல்லாத காலத்தில் குழுவின் தீர்மானத்தை ஊராட்சி மன்றத்தில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆகவே டிசம்பரில் திட்டம் எழுதி, ஜனவரி 26 கிராம சபையில் அதைத் தீர்மானமாக ஏற்றிவிட வேண்டும்.

இன்னொரு இடத்தில் திட்டங்கள் சத்தமில்லாமல் சாகின்றன. பள்ளியைப் பற்றிய விவரங்கள் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்திலும், செப்டம்பர் 30ஐ அடிப்படை நாளாகக் கொண்ட யுடைஸ் படிவத்திலும் ஏறுகின்றன. மேலே இருப்பவர்கள் பார்ப்பது அந்தத் திரையை. அங்கே 'கழிப்பறை: இயங்குகிறது' என்று பதிவாகியிருந்தால் குழு எவ்வளவு நயமாகத் தீர்மானம் எழுதினாலும் நடக்காது. செப்டம்பர் 30 தீபாவளி சீசனின் உச்சத்தில் வருகிறது. பெற்றோர் யாரும் எட்டிப் பார்க்க முடியாத நேரம். தலைமையாசிரியர் அந்தப் படிவத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், பிள்ளையைக் கூட்டிப்போக வரும் யாரோ ஒருவர் கண்ணில் தப்பு பட்டுவிடும்.

பள்ளிக்குக் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதில்லை. காமராஜர் 1956இல் மதிய உணவைத் தொடங்கிவைத்தது இதே கரிசலின் எட்டயபுரத்தில். அந்தக் காலத்தில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பெஞ்சும் கடிகாரமும் கட்டடமும் கொடுத்தார்கள். தேவையைப் பட்டியல் எடுத்து முதலில் ஊர் முன் வைத்ததுதான் அந்த இயக்கத்தின் பலம். இன்றும் ரெடிமேட் வியாபாரிகள் கேட்டால் கொடுக்கக்கூடியவர்கள்தான். பட்டியல் இல்லாவிட்டால் பெயர் எழுத வசதியான நுழைவாயில் வளைவுதான் கிடைக்கும். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக வெளியூரில் இருக்கும் பழைய மாணவர்களும் தரலாம். அவர்களுக்கும் அளவோடு எழுதிய பட்டியல் வேண்டும்.

சுவரும் கழிப்பறையும் சரியாகிவிட்டால் படிப்பு வந்துவிடுமா? உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. அங்கே கிராமக் கல்விக் குழுவில் இருந்த பெற்றோர் பலருக்குத் தாம் உறுப்பினர் என்பதே தெரியவில்லை. கூட்டம் போட்டு உரிமைகளை விளக்கியும் பள்ளிகள் மாறவில்லை. ஆனால் ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்த வைத்த கிராமங்களில், அங்கே வந்த பிள்ளைகள் வாசிக்கக் கற்றார்கள். ஆகவே நம் பள்ளியிலும், ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ்ப் பத்தி ஒன்றைத் திக்காமல் வாசிக்கிறார்கள், எத்தனை பேருக்கு வகுத்தல் தெரியும் என்று ஜூனில் எண்ணி எழுதி, டிசம்பரில் மறுபடி எண்ணிப் பார்ப்பதும் ஆண்டுத் திட்டத்தில் வர வேண்டும். அதற்கு அரசுப் பணம் ஒரு ரூபாயும் வேண்டாம். மாலையில் ஒரு மணி நேரம் உட்காரக் கல்லூரி போகும் பிள்ளைகள் நாலைந்து பேர் வேண்டும்.

மிஷன் பள்ளிகளும் உதவிபெறும் பள்ளிகளும் நிறைந்த வட்டாரம் இது என்பதால் ஒன்று கடைசியாக. 2012 சட்டத் திருத்தத்தின்படி சிறுபான்மையினர் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம், முடிவு நிர்வாகத்துடையது. அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரும் விரிசலை அளக்கலாம், கழிப்பறையை எண்ணலாம், எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கலாம். அரசுப் பள்ளியில் பிள்ளை படித்தால் சென்ற ஆண்டின் திட்டத்தையும் தீர்மானப் பதிவேட்டையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போடுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் போட்டால் டிசம்பர் கூட்டத்துக்குக் கையில் இருக்கும்.